ஆவி போகவும் அனல் நிற்கவும்

வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் வீடு கட்டி வாழ்கிறவர்களுக்குக் குளிர்தான் பெரும் பகை என்று வெப்பநாட்டில் பிறந்த நாம் நினைத்துக்கொள்வது சகஜம். குளிரோ வெளியிலிருந்து வரும் பகை; சுவரைத் தடிப்பாக்கியும், காப்புப் பொருள்களைச் சுவருக்குள் திணித்தும், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி இட்டும் அதை வாயிலிலேயே தடுத்துவிடலாம். அவ்வாறு தடுத்த பின்னரும், அடுப்பங்கரையிலும் குளியலறையிலும் நாள்தோறும் பிறந்து, கண்ணுக்குத் தெரியாமல் அறைதோறும் உலாவி, எங்கே சுவர் குளிர்ந்திருக்கிறதோ அங்கே நீராகப் படிந்து, சில வாரங்களில் கரும்பூஞ்சணமாக உருவெடுக்கும் நீராவி என்கிற உட்பகை ஒன்று இருக்கிறதே, அதை விரட்டுவதுதான் கடினம். விரட்ட வேண்டுமானால் காற்றோடு சேர்த்துத்தான் விரட்ட வேண்டும். காற்றை வெளியே விட்டாலோ, காசு கொடுத்து வாங்கிய உஷ்ணமும் கூடவே போய்விடுகிறது. திறந்தால் எரிபொருள் விரயம், திறக்காவிட்டால் பூஞ்சணம் என்ற இந்தத் தர்மசங்கடத்தில் அகப்பட்டுக்கொண்ட குடும்பங்கள் லண்டனிலும் டொராண்டோவிலும் எத்தனையோ உண்டு. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் அடக்கம். இட்லிப் பானையிலிருந்து எழும் ஆவி யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் ஒரு பொருட்டே அல்ல; எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்ட பனிக்கால அடுக்ககத்தில் அதற்குப் போக்கிடம் தேடியாக வேண்டும்.

இந்தச் சங்கடம் புராதனமானதன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் அறைக்கு ஒரு கணப்பு வைத்து நிலக்கரி எரித்த காலத்தில், புகைபோக்கியானது புகையை மட்டும் இழுத்துச் செல்லவில்லை; அறையின் காற்றையும் மணிக்குப் பல தடவை உறிஞ்சி வானத்தில் விட்டுக்கொண்டிருந்தது. கதவிடுக்கிலும் பலகைச் சந்திலும் புகுந்த குளிர்காற்று முதுகை வருத்தினாலும், எதிரே எரியும் நெருப்பு முகத்தைக் காய்ச்சினாலும், அந்த வீடுகளில் ஆவி தங்க இடமிருக்கவில்லை. 1952 டிசம்பரில் லண்டனைச் சில நாட்கள் மூடி ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்த புகைமூட்டமும், அதன் விளைவாக 1956-ல் பிறந்த தூய காற்றுச் சட்டமும் கரிக் கணப்புக்கு முடிவு கட்டத் தொடங்கின. கணப்பு போனதும் புகைபோக்கியை அடைத்தார்கள். 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் எஞ்சியிருந்த இடுக்குகளையும் தேடித்தேடி அடைத்தார்கள். அடைத்ததில் குற்றமில்லை, அந்த இடுக்குகள் யாரும் கேளாமலே செய்துவந்த ஊழியத்தை இனி யார் செய்வது என்ற கேள்வியைத்தான் கேட்க மறந்தார்கள்.

மறதிக்கு நேர்ந்த பலன் சுவர்க்கறையோடு நிற்கவில்லை. வட இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், போதிய காற்றோட்டமில்லாத ஒரு வாடகைக் குடியிருப்பில் வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தை, பூஞ்சணத்தைச் சுவாசித்துச் சுவாசித்து 2020 டிசம்பரில் இறந்தது. மரண விசாரணை அதிகாரி 2022-ல் அக்காரணத்தையே தீர்ப்பாகச் சொன்னபோது நாடே திடுக்கிட்டது. அக்குழந்தையின் பெயராலேயே வழங்கும் விதி, சமூக வீட்டுவசதி அமைப்புகளின் வாடகை வீட்டில் ஈரமும் பூஞ்சணமும் கண்டால் குறித்த காலத்துக்குள் சீர்செய்ய வேண்டுமென்று 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் பெற்றது. குடியிருப்பவர்கள் சமைக்கும் முறையும் குளிக்கும் முறையுமே ஈரத்துக்குக் காரணம் என்று சொல்லித் தட்டிக்கழிப்பது அந்நாட்டில் நெடுநாள் வழக்கம். மனிதர் சமைப்பதும் குளிப்பதும் குற்றமாகுமா? அவற்றுக்கு இடங்கொடாத வீடுதான் குற்றவாளி.

இனி ஆவியின் இயல்பைப் பார்ப்போம். காற்றில் கலந்திருக்கும் நீராவி, மற்ற வாயுக்கள் பக்கத்தில் இருக்கின்றனவா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல், தனக்குரிய அழுத்தத்தைத் தானே செலுத்துகிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டால்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி நிலைநாட்டினார். ஓர் இடத்தில் எவ்வளவு ஆவி தங்கலாம் என்பதை நிர்ணயிப்பது உஷ்ணநிலை ஒன்றே. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சமாக 17 கிராம் ஆவி தங்கும். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. கனடாவின் நடுப்பகுதியில் மாரிக்காலத்தில் சர்வசாதாரணமான −20 டிகிரியிலோ ஏறத்தாழ 1 கிராம்தான். நால்வர் வாழும் வீடு ஒன்றில் மூச்சு, வியர்வை, சமையல், குளியல், துணி உலர்த்தல் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 10 லிட்டர் நீரைக் காற்றில் ஏற்றிவிடுகின்றன. 20 டிகிரி உஷ்ணமும் பாதியளவு ஈரப்பதமும் உள்ள காற்று, 9 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பு எதைத் தொட்டாலும் அங்கே பனித்துளியாக வடியும். பூஞ்சணமோ துளி வடியும்வரை காத்திருப்பதில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டிச் சில நாட்கள் நிலைத்தால் போதும், அது வேர் விட்டுவிடும். அறையின் நடுவிலே காற்று இதமாக இருக்க, அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கும் மூலைச்சுவர் 12 டிகிரியில் இருந்தால், கறுப்புப் படலம் அந்த மூலையில் தோன்றுவதன் காரணம் இதுவே.

ஆவி சுவரின் வழியே தானாகக் கசிந்து வெளியேறிவிடாதா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கைக்குப் பெரிய மூலபுருஷர் ஒருவர் உண்டு. மியூனிக் நகரத்துச் சுகாதார மேதையான மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-ல் வீடுகளின் காற்றோட்டத்தைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதியவர். அறைக்காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று இன்றும் நாம் கையாளும் எல்லையை வகுத்தவர். அந்த மேதையே செங்கல் சுவர் சுவாசிக்கிறது என்று கருதினார். பின்னர் வந்தோர் அளந்து பார்த்ததில், பூசிய சுவரின் ஊடே செல்லும் காற்று அற்பத்திலும் அற்பம் என்று புலனாயிற்று. ஒருவர் சொன்ன பத்து உண்மைகளைவிட அவர் சொன்ன ஒரு பிழை நீண்டகாலம் வாழ்வது விஞ்ஞான சரித்திரத்தில் அபூர்வமன்று.

ஆகவே ஆவி காற்றோடுதான் போக வேண்டும். வெளியே மழையும் மூடுபனியுமாக இருக்கும் நாளில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடுமே என்று அஞ்சுவோர் பலர். கண்ணுக்குத் தெரியும் சாட்சி அப்படித்தான் சொல்கிறது. கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 5 டிகிரியில் மூடுபனி சூழ்ந்து முற்றும் ஈரமான காற்றில்கூட, தொங்கும் நீர்த்துளிகளை நீக்கிப் பார்த்தால், கன மீட்டருக்கு 7 கிராமுக்கும் குறைவான ஆவிதான் இருக்கிறது. அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பதாகக் குறைந்து, நன்கு உலர்ந்த காற்றாகி, ஈரத் துண்டையும் சுவரையும் உறிஞ்ச ஆயத்தமாகிவிடுகிறது. குளிர்நாட்டில் மாரிக்காலத்து வெளிக்காற்று எப்போதும் உலர்த்தும் காற்றே. சென்னையின் ஐப்பசிக் காற்றுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது.

இப்போது நம் விஷயத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். காற்றை வெளியே விட்டால் உஷ்ணம் எவ்வளவு போகிறது? காற்று மிக இலேசான வஸ்து; ஒரு கன மீட்டர் எடை 1.2 கிலோகிராம்தான். அதை ஒரு டிகிரி சூடேற்ற 1.2 கிலோஜூல் போதும். அதே பரிமாணமுள்ள செங்கல் சுவருக்கு அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் தேவை. ஆகையால் வீட்டின் உஷ்ணம் காற்றில் குடியிருக்கவில்லை. சுவரிலும் தரையிலும் மரச்சாமான்களிலும்தான் குடியிருக்கிறது. 15 கன மீட்டர் கொள்ளளவுள்ள குளியலறையின் காற்று முழுவதையும் ஒரு முறை வெளியேற்றி, 0 டிகிரியில் வரும் புதுக்காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டால் 360 கிலோஜூல், அதாவது மின்கட்டண மொழியில் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு, என்று வருகிறது. அந்தக் குளியலறையில் ஒருவர் எட்டு நிமிஷம் ஷவரில் நின்று, 10 டிகிரியில் வரும் குழாய்நீரை 38 டிகிரிக்குச் சூடாக்கி 64 லிட்டர் செலவிட்டாரானால், அதற்கு 2 யூனிட் ஆகிறது. வெந்நீருக்கு 2 யூனிட் தாராளமாகக் கொடுத்துவிட்டு, ஆவியை வெளியேற்றும் பத்தில் ஒரு யூனிட்டுக்கு அஞ்சி ஜன்னலைச் சாத்தி வைப்பதை என்னவென்று சொல்வது?

ஆனால் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. நேரம் நீளும்போதுதான் நஷ்டம் பெருகுகிறது. இங்கிலாந்தின் கட்டட விதிகள் குளியலறை எக்ஸாஸ்ட் விசிறிக்கு விநாடிக்கு 15 லிட்டர் என்று அளவு விதித்திருக்கின்றன. மணிக்கு 54 கன மீட்டர். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் அது ஓடும் நேரமெல்லாம் ஏறத்தாழ 360 வாட் உஷ்ணத்தை வாரிக்கொண்டு போகிறது. இருபது நிமிஷம் ஓடினால் யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. நிறுத்த மறந்து இரவும் பகலும் ஓடினால் எட்டரை யூனிட். ஒரே விசிறி, ஒரே வேகம்.

நேரத்தைப் போலவே இடமும் முக்கியம் என்பதைக் காட்ட இன்னொரு கணக்கைப் போட்டுவிடுகிறேன். கணக்கில் விருப்பமில்லாத வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். குளித்து முடித்த கணத்தில் குளியலறைக் காற்று 22 டிகிரியில் ஏறக்குறைய முழு நிறைவு பெற்று, கன மீட்டருக்கு 19 கிராம் ஆவி சுமக்கிறது. வெளிக்காற்றில் இருப்பது 4 கிராம். ஆகவே வெளியே போகும் ஒவ்வொரு கன மீட்டரும் வீட்டிலிருந்து 15 கிராம் நீரைக் கொண்டு செல்கிறது. ஒரு லிட்டர் நீரை வெளியேற்ற 67 கன மீட்டர் காற்று போதும், உஷ்ணச் செலவு அரை யூனிட். அதே ஆவி குளியலறைக் கதவு வழியே தப்பிச் சென்று வீடெங்கும் பரவி, பாதி ஈரப்பதமுள்ள கூடத்துக் காற்றில் கரைந்துவிட்டால், அங்கே கன மீட்டருக்கு 5 கிராம் மட்டுமே உபரி. ஒரு லிட்டரை வெளியேற்ற 200 கன மீட்டர் வேண்டும், செலவு ஒன்றேகால் யூனிட்டைத் தாண்டுகிறது. பிறந்த இடத்திலேயே, பிறந்த சில நிமிஷங்களுக்குள் ஆவியைப் பிடித்து அனுப்புகிறவன், பின்னால் தேடிப் பிடிக்கிறவன் செலவிடும் உஷ்ணத்தில் பாதிக்கும் குறைவாகவே செலவிடுகிறான்.

இதிலிருந்து குளியலறைக்குரிய ஒழுங்குமுறை தானாகவே விளைகிறது. குளிக்கும்போதும், குளித்த பின் விசிறி ஓடும்போதும் கதவு சாத்தியிருக்க வேண்டும். ஆனால் கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளி வேண்டும். இங்கிலாந்தின் விதி அதை 10 மில்லிமீட்டர் என்று நிர்ணயித்திருக்கிறது. உள்ளே வர வழியில்லாத இடத்திலிருந்து காற்று வெளியே போகாதாகையால், தரைவிரிப்பு அந்த இடைவெளியை அடைத்துவிட்ட வீடுகளில் விசிறி பெரிய சத்தத்தோடு சுற்றுகிறதே தவிர வேலை எதுவும் செய்வதில்லை. விளக்கை அணைத்ததும் நின்றுவிடும் விசிறியைவிட, ஜன்னலில்லாத குளியலறைக்கு அதே விதிகள் கேட்கும் பதினைந்து நிமிஷ நீட்டிப்பு உள்ள விசிறி மேலானது. ஈரப்பதத்தை உணர்ந்து தானே ஓடித் தானே நிற்பது அதனினும் மேலானது. குழாயைப் பற்றிப் பலர் நினைப்பதேயில்லை. கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலுள்ள குளிர்ந்த பரணில் தொய்ந்து கிடக்கும் வளைகுழாய்க்குள் ஆவி நீராகி, தொய்வில் தேங்கி, வழியையே அடைத்துவிடுவதுண்டு. அதைவிட மோசமானது, குழாயை வெளியே கொண்டுபோகச் சோம்பிப் பரணிலேயே விட்டுவிடும் கொத்தனாரின் வேலை. குளியலறைச் சுவரிலிருந்து காப்பாற்றிய ஈரம் கூரைக் கைமரத்தை உளுக்கவைக்கிறது.

விசிறியில்லாத வீட்டுக்கு ஜெர்மானியர் கையாளும் வழக்கம் ஒன்று உண்டு. ஜன்னலை மேற்புறம் சற்றுச் சாய்த்து நாளெல்லாம் விட்டுவைக்காமல், அகலத் திறந்து, முடியுமானால் எதிர்ச்சுவர் ஜன்னலையும் திறந்து, ஐந்து நிமிஷம் காற்று வீசிப் பாயவிட்டுச் சாத்திவிடுகிறார்கள். காற்று மாறிவிடுகிறது, சுவர் குளிர்வதற்கு அவகாசமில்லை, சாத்தியதும் சுவரிலுள்ள உஷ்ணமே புதுக்காற்றைச் சில நிமிஷங்களில் இதமாக்கிவிடுகிறது. சாய்த்த ஜன்னலோ, காற்றை மந்தமாக மாற்றுவதோடு, ஜன்னலைச் சூழ்ந்த சுவரையும் இராமுழுதும் குளிர்வித்து, பூஞ்சணத்துக்கு உகந்த பரப்பைத் தயார்செய்து கொடுக்கிறது.

சமையலறையின் கதை சற்றுச் சிக்கலானது. அங்கே ஆவியோடு எண்ணெய்ப்புகையும், தாளிதத்தின் நெடியும், நுண்துகளும் எழுகின்றன. வாயு அடுப்பானால் நைட்ரஜன் டையாக்ஸைடும் சேர்ந்துகொள்கிறது. வாயு எரிவதனாலேயே நீர் பிறக்கிறது என்பதும் நினைவிலிருக்க வேண்டும்: குழாயில் வரும் இயற்கை வாயு ஒரு கன மீட்டர் எரிந்தால், பானையில் என்ன வேகிறது என்பது ஒருபுறமிருக்க, ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாகக் காற்றில் சேர்கிறது. ஆகவே உஷ்ணத்தை மிச்சப்படுத்தும் முதல் சாதனம் விசிறியன்று, பானைக்கு மூடி. மூடியிட்டு, கொதி வந்ததும் தணலைக் குறைத்து வேகவைத்தால் எரிபொருளும் குறைகிறது, வெளியேற்ற வேண்டிய ஆவியும் குறைகிறது. அடுத்த சாதனம் அடுப்பின் மேல் கவிந்த சிம்னி. அடுப்பை ஒட்டி இருக்கும் சிம்னிக்கு விநாடிக்கு 30 லிட்டர் போதும் என்றும், சுவரின் வேறோர் இடத்தில் பொருத்திய விசிறியானால் 60 லிட்டர் வேண்டும் என்றும் அதே ஆங்கில விதிகள் சொல்வது, நாம் முன்பு போட்ட கணக்கின் சட்ட வடிவமே. முன்னடுப்பில் வேகும் பாத்திரத்தின் ஆவி சிம்னியின் விளிம்பைத் தப்பி ஓடுவது அதிகம். பின்னடுப்பில் வைத்துப் பொரித்தால் அதே சிம்னி கூடுதலாகப் பிடிக்கிறது. காசில்லாத இந்தச் சீர்திருத்தத்தை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

காற்றை வெளியே விடாமல், கரித்தூள் வடிகட்டி வழியே சுழற்றி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் சிம்னிகள் அடுக்ககங்களில் மிகுதி. அவை பிசுக்கைப் பிடிக்கும், நெடியை ஓரளவு தணிக்கும். ஆவியை ஒரு துளியும் குறைப்பதில்லை. மறுபுறம், பெருமைக்காகப் பேராற்றல் படைத்த சிம்னியை இறுக்கமான வீட்டில் பொருத்துவதில் உயிராபத்தே உண்டு. உள்ளே வர வழியற்ற காற்று, விறகுக் கணப்பின் புகைபோக்கி வழியாகவோ வாயு வெந்நீர்க்கலத்தின் குழாய் வழியாகவோ பின்னோக்கி இழுக்கப்பட்டு, எரிவாயுக் கழிவையும் கார்பன் மோனாக்ஸைடையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். ஜெர்மனியில் அத்தகைய கணப்புள்ள வீட்டில் ஜன்னல் திறந்தாலன்றிச் சிம்னி ஓடாதபடி மின்விசைப் பூட்டு வைப்பதும், அமெரிக்க வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு அவ்வகைச் சாதனங்கள் உள்ள வீட்டில் நிமிஷத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் சிம்னிக்கு ஈடுகாற்றுக்கென்று தனிவழி கேட்பதும் இதனாலேதான்.

இதுவரை சொன்னது விட்டுவிட்டுக் காற்றை மாற்றும் முறை. மிக இறுக்கமாகக் கட்டிய புதுவீட்டில் இது போதாது. அங்கே படுக்கையறையில் உறங்குகிறவர்களுக்கும் இரவெல்லாம் புதுக்காற்று வேண்டும். மணிக்கு 100 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 20 டிகிரி வித்தியாசத்தில் நாளொன்றுக்கு 16 யூனிட் உஷ்ணம் போகிறது. இந்த இடத்தில்தான் போகும் காற்றின் உஷ்ணத்தை வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் யுக்தி தேவையாகிறது. மெல்லிய தகடு ஒன்றின் இரு பக்கங்களிலும் 20 டிகிரிக் காற்றும் 0 டிகிரிக் காற்றும் ஒரே திசையில் ஓடினால், இரண்டும் 10 டிகிரியில் சமமாகி நின்றுவிடும். பாதிக்கு மேல் மீட்க இயலாது. எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டாலோ, வெளியேறும் காற்று தன் உஷ்ணத்தில் பெரும்பகுதியை இழந்த கடைசிக் கட்டத்தில்கூட, தன்னினும் குளிர்ந்த, அப்போதுதான் நுழைந்த காற்றைச் சந்திக்கிறது. உள்ளே வரும் காற்றும் ஒவ்வோர் அடியிலும் தன்னினும் சற்றுச் சூடான காற்றையே எதிர்கொண்டு, முடிவில் ஏறத்தாழ அறையின் உஷ்ணத்தையே எட்டிவிடுகிறது. காற்றுகள் கலப்பதில்லை; உஷ்ணம் மட்டுமே தகட்டைக் கடக்கிறது. நல்ல யந்திரங்கள் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை மீட்கின்றன. பனிநாட்டு மான்கள் தம் மூக்கின் சுருண்ட மடிப்புகளில் இதற்கு உறவான யுக்தியைக் கையாண்டு, வெளிவிடும் மூச்சின் உஷ்ணத்தையும் ஈரத்தையும் நெடுங்காலமாக மீட்டு வருகின்றன.

மனிதர் இதை வீட்டில் கையாண்ட முன்னோடி இடங்களுள் ஒன்று, கனடாவின் ரெஜைனா நகரம். அங்கே மாரியில் பாதரசம் −30 டிகிரிக்கும் கீழே இறங்குவது அபூர்வமன்று. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1977-ல் அந்நகரில் எழுந்த சஸ்காச்சுவான் சேமிப்பு வீட்டை ஹெரால்டு ஓர், ராபர்ட் பெசன்ட், ராப் டூமான்ட் முதலியோர் வடிவமைத்தார்கள். காற்றுப் புகாதபடி அதை இறுக்கிய பிறகு உள்ளிருப்போர் மூச்சுவிட வழி வேண்டுமே என்று, பெசன்ட் காற்றுக்குக் காற்று உஷ்ணம் மாற்றும் பெட்டி ஒன்றை அமைத்தார். அந்த வீட்டின் படிப்பினைகளையும் ஸ்வீடனைச் சேர்ந்த போ ஆடம்ஸனின் ஆலோசனையையும் உட்கொண்டு, ஜெர்மானிய பௌதிக விஞ்ஞானி வொல்ஃப்காங் ஃபைஸ்ட் டார்ம்ஷ்டாட் நகரின் கிரானிக்ஷ்டைன் பகுதியில் எழுப்பிய நான்கு தொடர் வீடுகளில் 1991-ல் மக்கள் குடியேறினார்கள். பாஸிவ்ஹவுஸ் என்று உலகெங்கும் பேர்பெற்ற முறை அதுதான். காற்றின் உஷ்ணத்தில் முக்கால் பங்காவது மீட்க வேண்டும், கன மீட்டருக்கு 0.45 வாட்-மணிக்கு மேல் விசிறிக்கு மின்சாரம் செலவாகக்கூடாது என்பவை அதன் நிபந்தனைகளில் இரண்டு. நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் அத்தகைய யந்திரம் நாளொன்றுக்கு ஒரு யூனிட் மின்சாரம் தின்று, பதின்மூன்று யூனிட் உஷ்ணத்தை மீட்டுத் தரும்.

இந்த முறையிலும் பழைய காற்றை இழுக்கும் வாய்கள் சமையலறையிலும் குளியலறையிலும்தான் இருக்கின்றன. புதுக்காற்றைப் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் தருகிறார்கள். ஆக, காற்று தூய இடத்திலிருந்து ஈர இடத்தை நோக்கியே வீட்டைக் கடக்கிறது. ஆவி தகட்டில் குளிர்ந்து நீராகும்போது தான் ஆவியாகப் பெற்ற உள்ளுறை உஷ்ணத்தையும், லிட்டருக்கு மூன்றில் இரண்டு யூனிட் வீதம், திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்த நீர் வடியக் குழாய் வேண்டும்; வெளியே உறைநிலைக்குச் சில டிகிரி கீழே இறங்கினால் தகட்டில் பனிக்கட்டி பிடிக்குமாதலால், அதை உருக்கவும் ஏற்பாடு வேண்டும். அடுப்புச் சிம்னியின் குழாயை மட்டும் இந்த யந்திரத்தில் இணைக்கலாகாது. பிசுக்குப் படிந்து தகடு அடைபடுவதோடு தீயபாயமும் உண்டு. நான் சற்றுமுன் குறை சொன்ன சுழற்சிச் சிம்னிக்கு இங்கே ஒரு கௌரவம் கிடைக்கிறது: பிசுக்கை அது பிடித்துக்கொள்ள, ஆவியைச் சிறிது தள்ளி வைத்த பொதுவாய் இழுத்துக்கொள்கிறது.

ஸ்வீடனில் வேறொரு வழி பரவியிருக்கிறது. வரும் காற்றை அது வந்தபடியே விட்டுவிட்டு, சமையலறையிலும் குளியலறையிலும் இழுத்த காற்றின் உஷ்ணத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் தத்துவத்தில் இயங்கும் உஷ்ணப் பம்பு ஒன்றால் பறித்துக் குளியல் நீரைச் சூடாக்குகிறார்கள். பழைய வீட்டில் வாழ்கிறவர்களுக்கு ஓர் அறைக்கு மட்டுமான சிறு சாதனமும் உண்டு: சுவரில் துளைத்த குழாய்க்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி, விசிறி ஏறத்தாழ நிமிஷத்துக்கொரு முறை திசை மாறி, வெளியே ஊதும்போது பீங்கானைச் சூடாக்கி, உள்ளே இழுக்கும்போது அந்தச் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறது. ஆனால் பத்து இடுக்குகளில் காற்று ஒழுகும் வீட்டில் பெரிய உஷ்ணமாற்று யந்திரத்தை வாங்கிப் பொருத்துவது வியர்த்தம். யந்திரத்தைச் சாராமல் ஒழுகும் காற்றின் உஷ்ணத்தை அதனால் மீட்க முடியாது. அத்தகைய வீட்டுக்கு ஈரம் உணரும் நல்ல விசிறிகள் இரண்டே போதும் என்பது என் துணிபு.

காற்றைப் பற்றி இவ்வளவு சொன்னபின், குளியலறையிலிருந்து வேறொரு வழியாகப் போகும் உஷ்ணத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஷவருக்குக் கொடுத்த 2 யூனிட்டில் பெரும்பகுதி, ஆவியோடு அன்று, சாக்கடைக்குச் செல்லும் வெதுவெதுப்பான நீரோடுதான் போகிறது. செங்குத்தான செப்புக் கழிவுக்குழாயைச் சுற்றி மெல்லிய செப்புக்குழாயைச் சுருளாகச் சுற்றி, உள்ளே வரும் குளிர்நீரை அதன் வழியே ஏற்றினால், குழாயின் உட்சுவரில் படலமாக வழியும் கழிவுநீர் தன் உஷ்ணத்தில் ஏறத்தாழப் பாதியை எதிரேறும் நீருக்குக் கொடுத்துவிடுகிறது. கனடாவில் புதிதாகக் கட்டும் வீடுகள் பலவற்றின் நிலவறையில் இந்தச் சுருளைக் காணலாம். விசிறியும் வடிகட்டியும் மின்சாரமும் அதற்கு வேண்டியதில்லை. ஒருவர் குளிக்கும் அதே நேரத்தில்தான் அது வேலை செய்யும், தொட்டியில் நீர் நிரப்பிக் குளிப்பவர்களுக்கு அதனால் பயனில்லை.